வட்டம் போடாமல் விட்ட இடம்

2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று, வழக்கத்தைவிட நான்கு நிமிடம் அதிகம். ஆறு மணிக்குக் கேப்பைக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். ஆறரைக்குச் சவரம். ஆறு ஐம்பதுக்கு இடது காது மடலில் இருந்த பிளாஸ்திரியை உரித்து, காயத்தைப் பார்த்து, புதியதை ஒட்டினேன். ஏழேகாலுக்கு நாட்குறிப்பைத் திறந்து, முந்தைய நாள் எழுதாமல் விட்ட இரண்டு வரிகளை எழுதினேன். மற்ற நாட்களில் ஏழு நாற்பதுக்கு மில்லுக்குள் இருப்பேன். அன்று மில் ஓடவில்லை. ரம்பத்துக்குப் பிளேடு இல்லை.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு மரம் அறுக்கும் மில்லில் இருபத்தாறு வருடமாகப் பேண்ட்சா ஓட்டுகிறேன். இரண்டு பெரிய சக்கரங்களின் மேல் ஓடும் நீளமான பட்டை ரம்பம் அது. கட்டையை டிராலியில் ஏற்றித் தள்ளினால் பலகை பலகையாக விழும். மரத்துக்குள் ஒரே ஒரு ஆணி இருந்தால் போதும், பல் உடையும். சில நேரம் பிளேடே அறுந்துவிடும். பதினேழாம் தேதி சனிக்கிழமை பகல் பதினொன்று பத்துக்கு அறுந்தது. அறுந்த நுனி காப்புத் தகட்டில் பட்டு விலகி வந்து என் காது மடலைக் கீறிவிட்டு, பின்னால் இருந்த சுவரில் அடித்து நின்றது. மூன்று அங்குலம் வலப்பக்கம் வந்திருந்தால் கண். அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். கண்ணாடி முன் நின்று ஸ்கேலை வைத்து அளந்தேன்.

எனக்கு முதல் கோபம் ஆணி அடித்தவர்கள் மேல். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை சாலையோரப் புளியமரம் எதையும் நின்று பாருங்கள். டியூஷன் சென்டர் பலகை, மூலம் பௌத்திரம் பலகை, வீட்டுமனை விற்பனைப் பலகை, மஞ்சள் நீராட்டு விழா பேனரின் நான்கு மூலைகள், கண்ணீர் அஞ்சலித் தகடு. மழையில் பலகை போய்விடும், ஆணி போகாது. மரம் பட்டையை வளர்த்து அதை விழுங்கிக்கொள்ளும். பத்து வருடம் கழித்துச் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வெட்டிப் போடுவார்கள். லாரியில் எங்கள் மில்லுக்கு வரும். எவனோ தன் கடைக்குக் கூட்டம் சேர்க்க அடித்த ஆணி என் முகத்துக்கு நேராக வரும். என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு கட்டையிலும் எடுத்த ஆணிகளின் கணக்கு இருக்கிறது. ஒரே வேப்பமரத்தில் அறுபத்து மூன்று எடுத்திருக்கிறேன். அடித்தவர்களில் ஒருவனையாவது டிராலி பக்கத்தில் நிற்கவைத்து அறுக்கவேண்டும் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

ரம்பத்துக்குப் போவதற்கு முன் கட்டையைச் சுற்றிப் பார்த்து, ஆணி இருக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவதற்கு ஒரு ஆள் உண்டு. வட்டம் போட்ட இடத்தில் நான் உளியும் குறடும் வைத்து ஆணியைப் பிடுங்குவேன். பிறகுதான் அறுப்பு. வட்டம் போடும் வேலைக்கு ஆறு வாரம் முன்னால் என் மச்சினனைச் சேர்த்துவிட்டேன். என் மனைவியின் தம்பி, வயது நாற்பத்து மூன்று. முண்டியம்பாக்கத்தில் இருக்கிறான். பதினைந்து வருடம் லாரி ஓட்டியவன். இடது காது கேட்காமல் போய்விட்டது, வண்டியை விட்டுவிட்டான். மனைவிக்கு மாதம் தவறாமல் மாத்திரை, இரண்டு பிள்ளைகள். என் பேச்சை நம்பித்தான் முதலாளி அவனை எடுத்தார்.

நான் ஆணியைக் கண்டுபிடிப்பது கண்ணாலும் சுத்தியலாலும். பட்டை ஒரு இடத்தில் உதடு குவித்ததுபோல் உப்பியிருக்கும். தட்டினால் சத்தம் மாறும். இதை ஆறு வாரத்தில் ஒருவனுக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. அதிலும் ஒரு காது கேட்காதவனுக்குச் சுத்தியல் சத்தம் எந்த மூலைக்கு? காந்தக் கட்டி கொடுத்துப் பார்த்தேன். வெளியே தலை தெரியும் ஆணியில்தான் ஒட்டுகிறது, உள்ளே புதைந்ததைக் காட்டுவதில்லை. ஒரு மெஷின் வாங்கித் தாருங்கள் என்று திங்கட்கிழமை முதலாளியிடம் கேட்டேன்.

"இருபத்தாறு வருஷமா நீ மெஷின் வெச்சிக்கினா அறுத்தே?" என்றார்.

"நான் அறுத்தேங்க. வட்டம் போடறது இப்ப அவன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அவன் வந்து ஆறு வாரத்துல பிளேடு போச்சு. புதன்கிழமை அந்தப் பெரிய புளியங்கட்டை அறுப்பு. அதுலயும் பிளேடு போச்சுன்னா உன் மச்சானை நீயே பஸ் ஏத்தி வுட்டுடு. நான் சொல்ல வெச்சிடாதே."

என் காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிளேடு, பிளேடு என்றுதான் பேசினார். சரி, நானே வாங்குகிறேன் என்று வீட்டுக்கு வந்து, ஒரு தாளில் நான்கு நிபந்தனைகள் எழுதினேன். ஒன்று, ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கவேண்டும். இரண்டு, சத்தம் மட்டும் போட்டால் போதாது, கையில் நடுங்கவேண்டும். மில் சத்தத்தில் எனக்கே எதுவும் கேட்காது, அவனுக்கு எப்படிக் கேட்கும்? மூன்று, மரத்துக்குள் ஒரு அங்குலம் புதைந்த ஆணியைக் காட்டவேண்டும். நான்கு, பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரியில் ஓடவேண்டும். விலை மூவாயிரத்துக்குள். சோதித்துப் பார்க்க ஒரு வேப்பம்பலகையில் துளை போட்டு, ஒரு அங்குல ஆழத்தில் ஒரு துருப்பிடித்த ஆணியை இறக்கி, மேலே மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். எங்கே வைத்தேன் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு விழுப்புரம் புது பஸ் நிலையத்தில் மச்சினன் காத்திருந்தான். பலகை என் மஞ்சள் பையில் இருந்தது.

"இன்னா மாமா, கல்யாணத்துக்குப் பலகாரமா?" என்றான்.

"உன் வேலைக்குப் பரீட்சை. வா."

முதல் கடை பெரியது, கண்ணாடிக் கதவு போட்டது. கேமரா, அலாரம், வாசலில் வைக்கும் மெஷின் எல்லாம் விற்கிறார்கள். உலோகம் கண்டுபிடிக்கும் மெஷின் வேண்டும் என்றதும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. உள்ளே போய், நீளமான கம்பியும் முனையில் தட்டு அளவு வளையமும் உள்ள ஒன்றை எடுத்துவந்தார். மேலே ஒரு திரை, அதன் கீழே ஏழு பொத்தான்கள்.

"மூணு அடி ஆழம் சார். தங்கமா வெள்ளியான்னு தனித்தனியா காட்டும். தோப்புல எதுனா பொதைஞ்சி கெடக்குதா?"

"புளியங்கட்டைக்குள்ள ஆணி கெடக்குது."

அவர் சிரித்தார். "ஆணிக்கு எதுக்கு சார் மெஷினு? இதைப் பாருங்க, பழைய செம்புக் காசு கூடக் காட்டும். போன மாசம் ஒருத்தரு வாங்கிக்கினு போனாரு. எங்க போனாருன்னு மட்டும் கேக்காதீங்க."

"எனக்கு ஒரே பொத்தான் இருக்கிறது வேணும். இவருதான் பயன்படுத்தப்போறாரு" என்று மச்சினனைக் காட்டினேன்.

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவனுக்குக் கேட்காது என்று தெரியாமல், அவனுடைய இடது பக்கமாகவே நின்று என்னிடம் சொன்னார்: "அப்ப இவருக்கு இதெல்லாம் புரியாது சார். நீங்க வாங்கிக்கினு போங்க, நீங்க கத்துக்குங்க."

அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. பதினைந்து வருடம் பதினாறு சக்கர வண்டியைக் கட்டி ஆண்டவனுக்கு ஏழு பொத்தான் புரியாதாம். நான் பலகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.  

"இன்னா மாமா சொன்னான்?"

"விலை கட்டுப்படலை."

இரண்டாவது கடையில் பொம்மை மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். சுவருக்குள் ஒயர் எங்கே ஓடுகிறது என்று பார்க்கிறதாம். வேப்பம்பலகையின் மேல் வைத்தால் எல்லா இடத்திலும் கத்தியது. பலகையை எடுத்துவிட்டு மேசைமேல் வைத்தாலும் கத்தியது. விற்கிறவருக்கே அது எதற்குக் கத்துகிறது என்று தெரியவில்லை. "புதுசு சார், பழகப் பழக சரியாயிடும்" என்றார். மெஷின் எப்படிப் பழகும் என்று கேட்டேன். அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.

மூன்றாவது, ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கடை. டார்ச், பேட்டரி, ரேடியோ ரிப்பேர். கடையில் ஒரு அம்மா உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். என்னுடைய நான்கு நிபந்தனைகளையும் வாசித்தேன். அவர் கட்டுகிற நாரை விடாமலே சொன்னார்: "தேர்வு எழுதப் போற புள்ளைங்களை வாசல்ல தடவிப் பார்ப்பாங்க இல்ல, அந்தத் தடிதான் உங்களுக்கு. அண்ணே, உங்க பின்னாடி மேல் தட்டுல கறுப்பா இருக்குது பாருங்க, எடுங்க."

ஒரு முழ நீளம். கைப்பிடியில் ஒரு பொத்தான். பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் சத்தம், இன்னொரு பக்கம் தள்ளினால் நடுக்கம். ரேடியோவுக்குப் போடும் சதுர பேட்டரி. நான் சுவிட்சை நடுக்கத்துக்குத் தள்ளி, பலகையைக் கல்லாப்பெட்டி மேல் வைத்து, மச்சினன் கையில் கொடுத்தேன்.

"தேடு."

அவன் பலகையின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். மெதுவாக, விரல் அளவுகூட விடாமல், வண்டியைப் பின்னால் எடுக்கிற கவனத்தோடு. முக்கால்வாசி வந்ததும் நிறுத்தினான். கொஞ்சம் பின்னால் போனான், முன்னால் வந்தான்.

"இங்க மாமா. உள்ளங்கையில எறும்பு ஓடற மாதிரி இருக்குது."

சரியான இடம். அரை அங்குலம்கூடத் தவறவில்லை. அந்த அம்மா பூவைக் கீழே வைத்துவிட்டு, "எங்க, நானும் பார்க்கறேன்" என்று வாங்கித் தன் கழுத்துக்கருகே வைத்துப் பார்த்தார். நடுங்கியது. "கவரிங்குக்கும் நடுங்குதே, அப்ப நல்ல மெஷின்தான்" என்றார். அன்று முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு முறைதான். விலை மூவாயிரத்துக்குள் அடங்கியது.

பஸ்ஸில் அவன் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டே வந்தான். பக்கத்து இருக்கையில் மல்லாட்டைப் பையோடு கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "இன்னாப்பா அது?" என்றாள்.

"இரும்பு, தங்கம் எங்க இருந்தாலும் காட்டும்மா."

"அப்ப ஊட்டுக்கு வர்றியா? என் சங்கிலியை எம் மருமவ எங்க வெச்சிருக்கான்னு தெரியலை."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர், "அதுக்கு ஊட்டுக்கு எதுக்கு ஆயா? மார்க்கெட் பக்கத்துல அடகுக் கடையில வெச்சா ஜல்தியா காட்டும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. கிழவி, "உன் வாயில மண்ணு" என்று அவரைத் திட்டிவிட்டு, மச்சினன் கையில் ஒரு பிடி மல்லாட்டையை வைத்தாள்.

ஒன்று ஐம்பதுக்கு மில்லில் இருந்தோம். புதுப் பிளேடு வந்திருந்தது. முற்றத்தில் அந்தப் புளியங்கட்டை கிடந்தது. பதினோரு அடி நீளம். இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். திண்டிவனம் சாலையில் வெட்டியது. நான் முறையைச் சொன்னேன்: வேர் இருந்த அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பி, ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றி வா, பிறகு அடுத்த சாண். நடுங்கினால் நில், வட்டம் போடு, பிறகு நகரு. கட்டையைப் புரட்டிக்கொடுக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். அவன் ஆரம்பித்தான். இரண்டேகாலிலிருந்து நாலரை வரை முப்பத்தெட்டு வட்டம். பின்னாலேயே நான் பிடுங்கிக்கொண்டு வந்தேன். முப்பத்தெட்டு வட்டத்திலும் ஆணி இருந்தது. ஒரு வட்டத்தில் இரண்டு. ஆள் உயரத்தில் அடித்த பலகை ஆணிகள் ஒரே வரிசையில் இருந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வசை சொல்லித் தகர டப்பாவில் போட்டேன். ஆட்கள் சிரித்தார்கள். மச்சினன் சிரித்தான். ஆறு வாரத்தில் அவன் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

நாலே முக்காலுக்கு அவன் டீ வாங்கிவரப் போனான். ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். எனக்கு ஒரு வேலையை ஒரு முறை மட்டும் பார்த்து விடுகிற பழக்கம் கிடையாது. அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பிறகு தடியை எடுத்துக்கொண்டு நுனிப்பக்கத்திலிருந்து வந்தேன். மூன்றாவது சாணில், கட்டையின் தரையைப் பார்த்த பக்கத்தில் தடியைக் கொண்டுபோனதும் கை குலுங்கியது. எறும்பு ஓடுகிற மாதிரி இல்லை, மணிக்கட்டு வரை அதிர்ந்தது. வட்டம் இல்லை. குனிந்து பார்த்தேன். சாக்பீஸ் தூள் இருந்தது. அரை வட்டம் வரைந்து, ஈரத் துணியால் துடைத்திருந்தது.

கடப்பாரை போட்டுக் கட்டையைக் கொஞ்சம் நெம்பி, பட்டைப் பிளவை உளியால் விலக்கினேன். ஏழு ஆணிகள், உள்ளங்கை அளவு இடத்தில் நெருக்கமாக. நடுவில் இருந்த பெரிய ஆணியில் ஒரு கொத்து முடி சுற்றியிருந்தது. வெயிலில் வெளுத்துத் தேங்காய் நார் மாதிரி ஆகியிருந்தது. பெண்ணின் முடி.

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்வார்கள். பூசாரி உடுக்கை அடித்து, அவள் உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்து, அதைப் புளியமரத்தில் ஆணி வைத்து அடிப்பான். பேய் மரத்தில் தங்கிவிடும், அவள் வீட்டுக்குப் போவாள். பிடுங்கினால் பேய் அவளிடமே திரும்பிவிடும் என்று யாரும் அந்த ஆணியைத் தொடமாட்டார்கள். பார்த்தேன் என்றுகூடச் சொல்லமாட்டார்கள்.

அவன் டீயோடு வந்தான். நான் உளியை அந்த இடத்தில் நீட்டிக்கொண்டு நின்றேன்.

"இது இன்னா?"

அவன் டீ கிளாஸ்களைக் கட்டையின் மேல் வைத்தான்.

"மெஷின் காட்டலையா?"

"காட்டுச்சு மாமா."

"வட்டம் போட்டுத் துடைச்சியா?"

"ஆமா."

நான் அப்போதுதான் அடுத்ததைக் கேட்டேன். கேட்டிருக்கவேண்டாம் என்று அந்த நிமிடமே தோன்றியது. "சனிக்கிழமை?"

அவன் டீ கிளாஸ்களை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"சனிக்கிழமை அந்தக் கட்டையிலயும் இருந்துச்சா? சொல்லுடா."

"இருந்துச்சு. முடியோட. ஒரே ஒரு ஆணி. தலை வெளியதான் இருந்துச்சு."

நான் போட்ட கூச்சலில் சாலைக்கு எதிர்ப்புறம் பஞ்சர் கடையில் இருந்தவர் எழுந்து பார்த்தார். என் காதிலிருந்து பிளாஸ்திரியைப் பிய்த்து அவன் முகத்துக்கு நேராகக் காட்டினேன். மூன்று நாளாக நான் யார் யார் மேலோ கோபப்பட்டிருக்கிறேன். பலகை மாட்டினவன் மேல், முதலாளி மேல், கண்ணாடிக் கதவுக் கடைக்காரன் மேல். இவனுக்குத் தெரியும். கண்ணால் பார்த்தவன். விழுப்புரத்துக் கடைகடையாக ஏறி இறங்கி, ஒரு பொத்தானா ஏழு பொத்தானா என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, என் பின்னால் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

"அந்தத் தகடு மட்டும் இல்லைன்னா எனக்குக் கண்ணு போயிருக்கும். தெரியுமா?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சி எதுக்குடா சொல்லலை?"

"வாய் வரலை." அவன் வலது காதை என் பக்கம் திருப்பி நின்றான், நான் கத்துவது அவனுக்கு முழுதாகக் கேட்கட்டும் என்று நிற்பதுபோல் இருந்தது. "சின்னவ பொறந்தப்ப உங்க தங்கச்சி மூணு மாசம் தூங்காம கெடந்தா இல்ல? அம்மா இட்டுக்கினு போயி இந்த ரோட்டுல ஒரு மரத்துல அடிச்சாங்க."

அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு உடம்பு முடியாமல் போனது எனக்குத் தெரியும். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, மாத்திரை கொடுத்து, நாலே மாதத்தில் தேறினாள்; மாத்திரையை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. ஆணி அடித்தது எனக்குத் தெரியாது.

"அவ மாத்திரையாலதானே தேறினா?"

"ரெண்டும் பண்ணோம் மாமா. எதுல தேறினான்னு யாரு சொல்ல முடியும்?"

"டாக்டர் சொல்லுவாரு! நான் சொல்லுவேன்!"

"எந்த மரம்னு அம்மாவுக்குத்தான் தெரியும். அவங்களும் போயிட்டாங்க. இப்ப இந்த ரோட்டுல வெட்டி வர்ற ஒவ்வொரு புளியமரத்தையும் பார்த்தா இதுதானோன்னு நெனைக்கறேன். இது அவளுதா இல்லாம இருக்கலாம். எவளோ ஒருத்தியுது. அவ இன்னிக்கு எங்கயோ சோறு ஆக்கிக்கினு, புள்ளைங்களைத் திட்டிக்கினு நல்லா இருப்பா. நான் வட்டம் போட்டா நீங்க புடுங்குவீங்க."

"அந்த எவளோ ஒருத்திக்காக என் கண்ணு போவட்டுமா?"

 டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. நான் குடிக்கவில்லை.

"கேட்டுக்க" என்றேன். "புடுங்கறது என் வேலை. பாவமோ பேயோ, வந்தா என் தலை மேல வரட்டும். உன் வேலை வட்டம். தெரியாம வுட்டா நான் முதலாளிகிட்ட உனக்காகப் பேசுவேன். தெரிஞ்சி மறைச்சா பேச மாட்டேன். நாளைக்குக் காலைல நான் வரும்போது இந்த எடத்துல வட்டம் இருக்கணும். இல்லைன்னா நீ வர வேணாம்."

அவன் தடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைத்தான். அதை நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பாசஞ்சர் ரயிலைப் பிடிக்கப் போனான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"உனக்கும் தெரியுமா, ஆணி அடிச்சது?"

"தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சா கத்துவீங்கன்னுதான் யாரும் சொல்லலை."

"நான் எப்பக் கத்தினேன்?" என்று கத்தினேன்.

நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியதைப் பார்த்தால், எழுத்து பின்பக்கத் தாளில் பதிந்திருக்கிறது. நான்கு நிபந்தனைகளையும் திரும்ப எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் சரி என்று குறித்திருக்கிறேன். கீழே, 'வட்டம்: 38. ஆணி: 39. மறைத்தது: 7' என்று எழுதி, மறைத்தது என்ற சொல்லை அடித்துவிட்டு, மறுபடி அதையே எழுதியிருக்கிறேன். அவனை நாளைக்கு அனுப்பிவிட்டால் தங்கச்சியின் மாத்திரை என்ன ஆகும் என்று எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அப்போதும் கோபம் இறங்கவில்லை.

இருபத்தொன்றாம் தேதி புதன்கிழமை ஏழு முப்பத்தெட்டுக்கு மில்லுக்குள் நுழைந்தேன். கேட் ஏற்கெனவே திறந்திருந்தது. மச்சினன் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான், தடி கையில். முதல் ரயிலிலேயே வந்துவிட்டானாம். நுனிப்பக்கம் போய்ப் பார்த்தேன். அந்த ஏழு ஆணிகளைச் சுற்றி வட்டம் இருந்தது. ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. சாக்பீஸை அழுத்தி, பட்டையே வெளுக்கும்படி.

"தங்கச்சிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னா?"

"'என் தலையில மிச்சம் எவ்ளோ முடி இருக்குது பாரு, மரத்துல இருக்கிற ஒரு கொத்துக்கா நீ அழுவுறே? அண்ணன் கண்ணு போயிருந்தா அக்கா மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்'னு கேட்டா. அப்பறம் சாப்பாட்டை எடுத்து எதுர வெச்சா. நான் சாப்புடலை."

நான் குறடு எடுக்கத் திரும்பினேன். அப்போதுதான் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு வட்டம், புதியது. நான் நேற்றுச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, சுத்தம் என்று விட்ட இடம்.

"அது இன்னா?"

"மறுபடி மொத்தக் கட்டையும் பார்த்தேன் மாமா. அங்க லேசா நடுங்குச்சு. மொதல்ல என் கைதான் நடுங்குதோன்னு நெனைச்சேன். மூணு வாட்டி பார்த்துட்டுத்தான் போட்டேன்."

தடியை வாங்கி வைத்துப் பார்த்தேன். லேசாக, நிச்சயமாக நடுங்கியது. உளியால் முக்கால் அங்குலம் தோண்டியதும் தலை உடைந்த ஆணி ஒன்று தெரிந்தது. ரம்பத்தின் முதல் வெட்டு அந்த வழியாகத்தான் போயிருக்கும். இருபத்தாறு வருடத்துக் கண்ணும் சுத்தியலும் அதை விட்டிருந்தன.  சொல்ல வந்தது எதுவும் கோபமில்லாமல் வரும்போல் இல்லை. இந்த முறை கோபம் என்மேல்.

அவன் தகர டப்பாவைத் திறந்து நீட்டிப் பிடித்தான். மணி ஏழு ஐம்பத்திரண்டு. முடி சுற்றிய ஆணிகளுக்கு முன், நான் தவறவிட்ட அந்த ஒன்றைத்தான் முதலில் பிடுங்கினேன்.